ஆட்டோடு ஆறு மாதச் செலவையும் சேர்த்துக் கொடுங்கள்

பொங்கலுக்கு ஏழைக் குடும்பங்களுக்கு ஆடு வாங்கித் தரலாம் என்று எங்கள் வாட்ஸ்அப் குழுவில் பேச்சு ஓடிக்கொண்டிருக்கிறது. நல்ல மனசோடு செய்கிற காரியம், நானும் பணம் போடுகிறேன். ஆனால் ஆட்டைக் கையில் பிடித்துக் கொடுத்துவிட்டு நாம் வீட்டுக்கு வந்துவிட்டால் அந்த ஆடு அங்கே நிற்காது. இதைக் குழுவில் இரண்டு வரியில் சொல்ல முடியவில்லை, அதனால் இங்கே எழுதுகிறேன்.

கொஞ்சம் கணக்குப் பாருங்கள். வெள்ளாடு சினை பிடித்தால் குட்டி போட ஐந்து மாதம். அந்தக் குட்டி சந்தைக்குப் போகிற எடைக்கு வர இன்னும் ஆறேழு மாதமாவது ஆகும். ஆக, முதல் காசைக் கண்ணால் பார்க்கவே கிட்டத்தட்ட ஒரு வருஷம். அதற்குள் ஜூனில் பள்ளிக்கூடம் திறந்துவிடும், குழுக் கடன் தவணைக்கு வாராவாரம் ஆள் வந்து வாசலில் நிற்பார், ஐப்பசி கார்த்திகை அடைமழையில் கூலி வேலையே இருக்காது. நிலமில்லாத குடும்பம் என்றால் மேய்க்க இடமும் கிடையாது, அடுத்தவர் கொல்லையில் வாய் வைத்தால் அன்றைக்குச் சண்டைதான். ஒரு வருஷம் பொறுத்திருக்க முடிகிற வீடு என்றால் அது அவ்வளவு ஏழை வீடே இல்லை.

எங்கள் ஊரில் ஒரு அக்காவுக்கு ஒரு அமைப்பிலிருந்து இரண்டு பெட்டை ஆடு கொடுத்தார்கள். குடற்புழு மருந்து கொடுக்க வேண்டும் என்று யாரும் அவரிடம் சொல்லவில்லை, மழைக்காலத்தில் ஒன்று கழிந்து கழிந்தே செத்துப்போனது. இன்னொன்று நாலு மாதச் சினை. மகனுக்குக் காய்ச்சல் முற்றி ஆஸ்பத்திரியில் சேர்த்த ராத்திரி, அந்தச் சினையாட்டை வியாபாரி கேட்ட விலைக்கு, வெறும் கறி விலைக்கு, ஓட்டிவிட்டார். "விக்காம என்ன தம்பி பண்றது, வீட்டுல காசாகுற பொருள் அது ஒண்ணுதான் இருந்துச்சு" என்றார். பிற்பாடு ஆடு கொடுத்தவர்களில் ஒருவர், "இவங்களுக்குக் கொடுத்தா வித்துத் தின்னுடுவாங்க" என்று பேசியது என் காதுபடவே. பிள்ளையைக் காப்பாற்ற விற்றதை இப்படிச் சொல்ல எப்படி மனசு வருகிறது? எனக்கு அந்தக் கோபம் இன்னும் அடங்கவில்லை.

இது எங்கள் ஊர்க்கதை மட்டும் இல்லை. வங்கதேசத்தில் பிராக் என்ற அமைப்பு 2002-ல், பரம ஏழைக் குடும்பங்களுக்கென்றே ஒரு திட்டம் தொடங்கியது. ஆடோ மாடோ கொடுப்பார்கள், கூடவே சில மாதங்களுக்குச் சாப்பாட்டுச் செலவுக்குப் பணம், வளர்க்கப் பயிற்சி, சேமிப்புக் கணக்கு, அடிக்கடி வீட்டுக்கே வந்து பார்க்கிற ஒரு ஆள், எல்லாம் உண்டு. இதே முறையை இந்தியா, பாகிஸ்தான், எத்தியோப்பியா, கானா, ஹோண்டுராஸ், பெரு ஆகிய 6 நாடுகளில் செய்து பார்த்து, அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டஃப்லோ உள்ளிட்ட பொருளாதார அறிஞர்கள் 2015-ல் முடிவுகளை வெளியிட்டார்கள். திட்டம் முடிந்து ஒரு வருஷம் ஆன பிறகும் அந்தக் குடும்பங்கள் முன்னைவிட நன்றாகச் சாப்பிட்டன, கையில் சொத்தும் இருந்தது. கானாவில் இன்னொன்றும் செய்தார்கள்: சில குடும்பங்களுக்கு வெறும் ஆடு மட்டும் கொடுத்துப் பார்த்தார்கள். அதில் இந்த அளவுக்குப் பலன் கிடைக்கவில்லை. மேற்கு வங்கத்தில் முழுத் திட்டமும் கிடைத்த குடும்பங்களைப் பத்து வருஷம் கழித்துப் போய்ப் பார்த்தபோதும் முன்னேற்றம் நிலைத்திருந்தது.

என்னைக் கேட்டால், ஆட்டோடு கொடுக்கிற அந்தச் சாப்பாட்டுச் செலவுப் பணம்தான் ஆட்டைக் காப்பாற்றுகிறது. அரிசிக்கும் மருந்துக்கும் கையில் ஏதோ இருந்தால் சினையாட்டை யாரும் விற்க மாட்டார்கள்.

பணமாகக் கொடுத்தால் வீணாக்கிவிடுவார்கள் என்று குழுவில் ஒரு அண்ணன் எழுதியிருந்தார். அண்ணே, 2023 செப்டம்பரில் மாதம் 1000 ரூபாய் என்று தொடங்கிய மகளிர் உரிமைத்தொகை இருக்கிறதே, அதை என்ன செய்கிறீர்கள் என்று உங்கள் தெருவில் நாலு பெண்களைக் கேட்டுப் பாருங்கள். சிலிண்டர், மாத்திரை, தவணை, பிள்ளைக்கு நோட்டு என்றுதான் பதில் வரும்.

ஆட்டுக்குப் பதில் தையல் மெஷின் கொடுத்தாலும், பொருள் மட்டும் போதாது. ஒரே தெருவில் ஐந்து பேருக்குக் கொடுத்தால் தைக்க வருகிற ஜாக்கெட் துணி ஐந்தாகப் பிரிந்துவிடும், யாருக்கும் பிழைப்பு ஓடாது.

அதனால் நான் கேட்பது இதுதான். பத்து வீட்டுக்கு ஆடு என்று போட்ட பட்டியலை நாலு வீடாகக் குறையுங்கள். மிச்சப் பணத்தை அந்த நாலு வீட்டு அக்காக்களின் வங்கிக் கணக்கில் ஆறு மாதத்துக்கு வாராவாரம் போடுங்கள். கால்நடை மருந்தகத்தில் முன்கூட்டியே பேசி, குடற்புழு மருந்துக்கும் ஆட்டுக்கொல்லி நோய்த் தடுப்பூசிக்கும் தேதி வாங்கி வையுங்கள். மேடை, ஃபிளெக்ஸ், வரிசையில் நிற்க வைத்துப் போட்டோ, இதெல்லாம் வேண்டவே வேண்டாம். எல்லாவற்றுக்கும் முன்னால், ஆடு வேண்டுமா, இல்லை அடகில் இருக்கிற தோட்டை மீட்டுத் தந்தால் போதுமா என்று அவர்களிடமே கேளுங்கள். வாராவாரம் போய்ப் பார்த்துவிட்டு வருகிற வேலையை நான் எடுத்துக்கொள்கிறேன், கூட இன்னும் இரண்டு பேர் வந்தால் போதும்.