ஒரு வரி எழுத நாலு மணி நேரம்

ஞாயித்துக்கிழமை காலையில பத்து மணிக்கு உட்கார வச்சாங்க. எழுந்திரிச்சப்ப மணி ரெண்டு. எங்க டிரஸ்ட்டுக்கு மிஷன் ஸ்டேட்மென்ட் எழுதணுமாம், அதாவது நாங்க எதுக்காக இருக்கோம்னு சொல்ற வாசகம். நாங்க நடத்துறது சாயங்கால டியூஷன். நாப்பது பிள்ளைங்க, ரெண்டு டீச்சர்.

நான் எழுதிக் கொடுத்தது ஒரே வரி: 'தமிழ் வாசிக்கத் தெரியாம எங்க தெருப் பிள்ளை ஒண்ணுகூட அஞ்சாம் வகுப்பைத் தாண்டக் கூடாது.' செயலாளர் படிச்சுட்டு, "ரொம்பச் சாதாரணமா இருக்கேம்மா, கொஞ்சம் கனமா வேணும்"னார்.

கனமாத்தான் ஆரம்பிச்சாங்க. 'விளிம்புநிலைக் குழந்தைகளின் முழுமையான...' அதோட வண்டி நின்னுருச்சு. 'முழுமையான'வா, 'ஒருங்கிணைந்த'வா? முக்கால் மணி நேரம்! போர்டுல எழுதுறாங்க, உள்ளங்கையால அழிக்கிறாங்க, திரும்ப அதையே எழுதுறாங்க. கடைசியில ஒருத்தர் "ரெண்டையும் போட்டுருவோம்"னார். போட்டாங்க. பின்னாடியே 'நிலையான' வந்துச்சு, 'அதிகாரமளித்தல்' வந்துச்சு, 'விழுமியங்கள்' வந்துச்சு. எல்லாம் வந்துச்சு, 'வாசிக்க'ங்கிற வார்த்தை மட்டும் வரல. அதை அப்படியே கொண்டுபோய் ஒரு சிமென்ட் கம்பெனி வாசல்ல மாட்டினாலும் ஒருத்தனும் என்னன்னு கேக்க மாட்டான்.

எனக்குப் பொறுக்கல. மதுரையில உட்கார்ந்துக்கிட்டு இப்படிப் பண்றோமேன்னு கேட்டுட்டேன். இதே ஊர்ல 1976-ல, வேலையில இருந்து ஓய்வு பெற்ற பிறகு, டாக்டர் வெங்கடசாமி 11 படுக்கையோட அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். தேவையற்ற பார்வையிழப்பை ஒழிக்கணும், அதுதான் அவங்க நோக்கம். 'தேவையற்ற'ங்கிற ஒத்தைச் சொல்லுக்குள்ள எவ்வளவு வேலை அடங்கியிருக்கு! புரை விழுந்து இருட்டுன கண்ணுக்கு ஆபரேஷன்ல பார்வை திரும்பிரும். அப்போ அந்த ஆளைத் தேடிக் கிராமத்துக்குப் போய் முகாம் போடணும், காசில்லாதவங்களுக்கு இலவசமாப் பண்ணணும். நாளைக்கு எங்க போகணும், யாரைப் பார்க்கணும்னு அந்த வரியே சொல்லிருதுங்க.

"அது ஆஸ்பத்திரிம்மா, நம்மளுது வேற"ன்னு முடிச்சுட்டாங்க.

நேத்து அந்த வாசகம் ஆறுக்கு நாலு ஃபிளெக்ஸா வந்து இறங்கிருச்சு. நாலாம் வகுப்புப் பொண்ணு ஒண்ணு அதுக்குக் கீழயே உட்கார்ந்து, 'குருவி'யை கு... ரு...ன்னு விரல் வச்சு வச்சுக் கூட்டிக்கிட்டிருக்கு. அதுவும் எழுத்துக் கண்ணுக்குத் தெரியாம, புத்தகத்தை ஜன்னல் பக்கமாச் சாய்ச்சுப் பிடிச்சுக்கிட்டு. அந்த மூலையில ட்யூப்லைட் போய் ரெண்டு மாசமாச்சு. மூணு தடவை கேட்டுட்டேன். நிதி இல்லையாம்.