ஆக்ஸ்ஃபோர்டின் டிராகன் பள்ளி வளர்ந்த விதம்

ஒரு தனியார் பள்ளி வளர்ந்திருக்கிறது என்றால் கட்டடங்களையும் மாணவர் எண்ணிக்கையையும் காட்டுவதே வழக்கம். ஆனால் அந்தப் பள்ளி யாருடைய தேவைக்காகத் தோன்றியது என்று கேட்டால்தான் அதன் வளர்ச்சி விளங்கும் என்பது என் கருத்து. இங்கிலாந்தின் ஆக்ஸ்ஃபோர்டு நகரில் உள்ள டிராகன் பள்ளி இதற்கு நல்ல சான்று.

ஆக்ஸ்ஃபோர்டு கல்லூரிகளின் ஆசிரியர்களில் பெரும்பாலோர் திருமணம் செய்துகொண்டால் பதவியைத் துறக்க வேண்டும் என்ற விதி நெடுங்காலம் இருந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அது தளர்ந்தபோது நகரின் வடபகுதியில் ஆசிரியர் குடும்பங்கள் குடியேறின. குடும்பம் வந்தால் பிள்ளைகளும் வருவார்கள் அல்லவா? அப்பிள்ளைகளுக்காகவே ஆசிரியர்கள் சிலர் குழு அமைத்து, 1877இல் ஒருசில சிறுவர்களுடன் 'ஆக்ஸ்ஃபோர்டு பிரிப்பரேட்டரி பள்ளி'யைத் தொடங்கினார்கள். குழுவில் ஜார்ஜ் என்றொருவர் இருந்தாராம். கிறித்தவ மரபுக் கதையில் புனித ஜார்ஜ் கொன்றது டிராகனை என்பதால், சிறுவர்கள் தங்களை டிராகன்கள் என்று அழைத்துக்கொண்டார்கள். நிர்வாகம் வைத்த பெயரை மாணவர்களின் குறும்பு வென்றுவிட்டது.

1886இல் தலைமை ஏற்ற சார்லஸ் லைனமைப் பிள்ளைகள் 'ஸ்கிப்பர்' (படகுத் தலைவர்) என்றே கூப்பிட்டார்கள். பாய்மரப் படகோட்டுவதில் தீராத விருப்பமுடைய அவர், தம் படகுக்கும் 'நீல டிராகன்' என்றே பெயரிட்டிருந்தார். அவருக்குப் பின் வந்த தம்பி 'ஹம்', அடுத்த தலைமுறையில் 'ஜாக்' என்று 1960கள் வரை ஒரே குடும்பத்தார் பள்ளியை நடத்தினார்கள். 1895இல் பார்ட்வெல் சாலைக்கு இடம்பெயர்ந்ததைவிட, தலைமையாசிரியரைப் பட்டப்பெயரிட்டு அழைக்கலாம் என்ற இந்த உரிமையே பெரிய விஷயம் என்று நான் கருதுகிறேன். விக்டோரியா காலத்துப் பள்ளி ஒன்றில் அது சாதாரணமன்று. ஆண்பிள்ளைகளின் பள்ளியில் பின்னாளில் எழுத்தாளரான நவோமி ஹால்டேன் போன்ற சில சிறுமிகளும் சேர்ந்து படிக்க முடிந்தது. பின்னாளில் இந்தியக் குடியுரிமை பெற்றுப் புவனேஸ்வரில் மறைந்த அறிவியலாளர் ஜே.பி.எஸ். ஹால்டேன் அவருடைய அண்ணன். அவரும் இங்கே படித்து, உதவித்தொகையுடன் ஈட்டன் என்ற புகழ்பெற்ற தனியார் உறைவிடப் பள்ளிக்குப் போய், அங்கே மூத்த மாணவர்களிடம் துன்பப்பட்டவர்.

இங்கேதான் எனக்கொரு நெருடல். பிரிப்பரேட்டரி பள்ளி என்பது பதின்மூன்று வயதில் பிள்ளையை ஈட்டன், வின்செஸ்டர் போன்ற பள்ளிகளிடம் ஒப்படைப்பதற்காகவே நடப்பது. உள்ளே எவ்வளவு சுதந்திரம் கொடுத்தாலும், அடுத்த பள்ளியின் நுழைவுத் தேர்வே பாடத்திட்டத்தை ஆட்டிவைக்கும். கட்டணம் செலுத்த இயலாதவர்களுக்கு அந்தச் சுதந்திரம் எட்டாது என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. அரசுப் பள்ளிகளில் படிக்கும் பிள்ளைகள் பதினொரு வயதிலேயே உயர்நிலைப் பள்ளிக்குச் சென்றுவிடுவதால், இவ்விரு உலகங்களுக்கும் இடையே வயதுக் கணக்கே ஒத்துப்போவதில்லை.

இன்று டிராகனில் சுமார் 800 பிள்ளைகள் படிக்கிறார்கள். 2025 ஜனவரி முதல் பிரிட்டனில் தனியார் பள்ளிக் கட்டணத்துக்கு 20 சதவீத வாட் வரி விதிக்கப்படுகிறது; இவ்வளவு பெரிய பள்ளி அந்தச் சுமையைச் சமாளித்துவிடும். கிராமப்புறங்களில் நூறு பிள்ளைகளை வைத்து நடத்தும் சிறிய பிரிப்பரேட்டரி பள்ளிகளின் நிலை அப்படியன்று. வரியை நான் எதிர்க்கவில்லை. ஆனால் விரல்விட்டு எண்ணத்தக்க பிள்ளைகளோடு 1877இல் தொடங்கியதைப் போன்ற ஒரு பள்ளியை இன்று அங்கே தொடங்க நினைப்பவர், முதலில் கணக்காளரைத்தான் போய்ப் பார்க்க வேண்டியிருக்கும்.