யார் சொல்லி அனுப்பினீர்கள்?

மேலாளர் திட்டினால்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். என்ன வேண்டும் என்று தெளிவாகச் சொல்லாமல் இருந்துவிட்டு, வேலை முடிந்த பிறகு "நான் கேட்டது இது இல்லையே" என்பதைத்தான் பொறுக்க முடியவில்லை.

என் முந்தைய வேலையில் உத்தரவுகள் போகிற போக்கில்தான் வரும். "அறிக்கையில் பழைய கணக்கே போதும், புதுசுக்குக் காத்திருக்க வேண்டாம்." சரி என்று அனுப்பிவைப்போம். வாடிக்கையாளர் கேள்வி எழுப்பியதும், மேலாளரே எல்லோர் முன்னாலும் "யார் சொல்லி இதை அனுப்பினீர்கள்?" என்பார். யார் சொன்னது என்று அந்த அறையில் எல்லோருக்கும் தெரியும். ஒருவரும் வாய் திறக்க மாட்டார்கள். அதனால் ஒவ்வொரு உத்தரவுக்கும் "நீங்கள் சொன்னபடி" என்று மின்னஞ்சல் போட ஆரம்பித்தேன். பதிலே வராது. ஆண்டு மதிப்பீட்டில் மட்டும் "ஒத்துழைப்பு போதாது" என்று ஒரு வரி வந்தது.

அப்புறம் அந்த இரவு நேர வாட்ஸ்அப். "காலையில் வந்ததும் என்னைப் பார்க்கவும்." எதற்கு என்று ஒரு வார்த்தை இருக்காது. தூக்கம் போய்விடும். காலையில் போய் நின்றால், விடுப்புப் படிவத்தில் ஒரு தேதி விட்டுப்போயிருக்கிறது என்பார். அதை இரவே எழுதியிருக்கலாமே!

இதெல்லாம் வெறும் மனவருத்தத்தோடு போவதில்லை. கேள்வி கேட்பவரை அதட்டினால், கெட்ட செய்தி மேலே போவது நின்றுவிடும். 1986 ஜனவரி 28 அன்று சேலஞ்சர் விண்ணோடம் கிளம்பிய 73ஆவது நொடியில் சிதறி, அதிலிருந்த 7 பேரும் இறந்தார்கள். கடுங்குளிரில் ராக்கெட்டின் ரப்பர் வளையங்கள் சரியாக அடைக்காது, ஏவ வேண்டாம் என்று அதைத் தயாரித்த நிறுவனத்தின் பொறியாளர்கள் முந்தைய இரவே வாதாடியிருக்கிறார்கள். அவர்களுடைய மேலாளர்களே அதைத் தள்ளிவிட்டு ஒப்புதல் கொடுத்தார்கள். இறுதி முடிவெடுத்த நாசா அதிகாரிகளுக்கு அந்த எதிர்ப்பு போய்ச் சேரவே இல்லை என்பது விசாரணையில் தெரியவந்தது.

எங்கள் வேலையில் உயிர் போகாது, உண்மைதான். ஆனால் நடப்பது அதேதான். ஒரு வேலை தாமதமாகும் என்று செய்கிற அத்தனை பேருக்கும் தெரியும். மேலே போகும் வாராந்திர அட்டவணையில் மட்டும் கடைசி வாரம் வரை பச்சை நிறம். முன்பு ஒருவர் சிவப்பு போட்டபோது அவரை நிற்கவைத்துக் கேட்டதை எல்லோரும் பார்த்திருந்தோம். அதற்குப் பிறகு யார் போடுவார்கள்?

முடிவை மாற்றுங்கள், அது உங்கள் உரிமை. மாற்றிய அன்றே, வேலை செய்கிறவர்களிடம் காரணத்தோடு எழுத்தில் சொல்லிவிடுங்கள் என்றுதான் கேட்கிறேன். இப்போது என் மேலாளர் கூட்டம் முடிந்ததும் யார், எதை, எந்தத் தேதிக்குள் என்று நாலு வரி எழுதி எல்லோருக்கும் அனுப்புகிறார். அதற்கு அவருக்கு ஐந்து நிமிடம்கூட ஆவதில்லை.