ஆம், துண்டில்தான் எழுதுகிறேன்

அந்தப் படத்தைப் பார்த்தவர்கள் பார்த்திருப்பீர்கள். பார்க்காதவர்கள் தேட வேண்டாம். வேலைகளைத் திட்டமிடுவது பற்றிய செயலமர்வில் கைப்பையிலிருந்து நான் எடுத்துப் பிரித்த கடதாசித் துண்டைப் பின்னாலிருந்து படம் பிடித்து, "டிஜிட்டல் வன்னி" என்று தலைப்பிட்டு, சிரிப்புக் குறிகளும் சேர்த்து இணையத்தில் போட்டிருந்தார் ஒரு தம்பி. அதற்கு விருப்பம் போட்டவர்களில் என் வீட்டில் தேநீர் குடித்துப் போனவர்களும் இருக்கிறார்கள். பரவாயில்லை. கையெழுத்து அழகாகத்தான் விழுந்திருக்கிறது.

ஆம், அன்றன்றைய வேலைகளைத் துண்டில்தான் எழுதுகிறேன். கைத்தொலைபேசி பாவிக்கத் தெரியாமல் அல்ல. எங்கள் மாதர் சங்கத்தின் வாட்ஸ்அப் குழுவை நடத்துகிறவளே நான்தான். படிவத்தைப் படமெடுத்து அனுப்ப அதைவிட நல்ல சாமான் இல்லை. ஆனால் நாளைக்கு என்ன வேலை என்று பார்க்க அதைத் திறந்தால், கனடாவில் யாருடையதோ பிறந்தநாள் விழாவில் போய் நிற்கிறேன். கிணற்று மோட்டாருக்கு வால்வு வாங்க வேண்டும் என்பது அங்கேயே மறந்துபோகிறது. துண்டில் என் வேலையைத் தவிர வேறொன்றும் இல்லை. நான் சொல்ல வருவது இவ்வளவுதான்.

இரவில் பாத்திரம் கழுவி முடிந்ததும் எழுதுவேன். "கிணறு" என்று மொட்டையாக எழுதினால் அது வேலை அல்ல, கவலை. "வால்வு வாங்க" என்று எழுதினால்தான் வேலை. வட்டக்கச்சியிலிருந்து கிளிநொச்சிக்கு பஸ்ஸை நம்பிப் போகிறவளுக்கு வரிசையைப் பாதைதான் தீர்மானிக்கும். முதலில் பிரதேச செயலகம், பிறகு கமநல சேவை நிலையம், கடைசியில் சந்தை. மீன் பையோடு கந்தோர் வாங்கில் காத்திருக்க முடியாதல்லவா? முடியாமல் போனதை மறுநாள் துண்டில் என் கையாலேயே திரும்ப எழுத வேண்டும். மூன்றாம் தடவை எழுதும்போது கையே அலுத்துவிடும். ஒன்றில் அன்றைக்கே செய்வேன், இல்லையேல் வெட்டிவிடுவேன். தொலைபேசியில் அது சத்தமில்லாமல் அடுத்த நாளுக்குத் தள்ளிப்போகும். யாருக்கும் நோவதில்லை.

"ஆய்வு ஏதும் உண்டா?" என்று கேட்பீர்கள். ஊர்ப் பெண்ணின் அனுபவம் உங்களுக்குப் போதாதுதானே. அமெரிக்காவின் பேய்லர் பல்கலைக்கழகத்தார் 2018 இல் வெளியிட்டது உண்டு. உறங்கப் போகுமுன் 5 நிமிடம், ஒரு பகுதியினர் வரப்போகும் வேலைகளை எழுதினார்கள். மற்றவர்கள் முடித்த வேலைகளை எழுதினார்கள். வரப்போவதை எழுதியவர்கள் சராசரியாக 9 நிமிடம் முந்தித் தூங்கினார்கள். விபரமாக எழுதியவர்கள் இன்னும் விரைவாக. கலந்துகொண்டவர்கள் 57 பேர்தான், பெரிய ஆய்வு என்று நான் தலையில் தூக்கி வைக்கவில்லை. கேட்டீர்கள், சொன்னேன்.

என் அம்மா நாட்காட்டித் தாளின் பின்பக்கத்தில் எழுதுவார். போரின்போது வன்னிக்குப் பொருளாதாரத் தடை போட்டிருந்த காலம். பற்றரி இல்லை, பெற்றோல் இல்லை, சீமெந்து இல்லை. வவுனியாவுக்குப் போய்வர யாருக்காவது அனுமதி கிடைத்தால் ஒழுங்கை முழுவதும் அவரிடம் துண்டு கொடுக்கும். அவர் சுமக்கக்கூடியது கொஞ்சம், சோதனைச் சாவடியில் விடுவது அதிலும் கொஞ்சம். ஆகவே அம்மா முதலில் எல்லாவற்றையும் எழுதுவார், பிறகு ஒவ்வொன்றாக வெட்டுவார். என் சட்டைத் துணி அப்படித்தான் வெட்டுப்பட்டது. அப்பாவின் இழுப்பு மருந்து வெட்டுப்படாமல் நின்றது. நான் அழுதபோது அம்மா ஏசவில்லை. துண்டை என் கையில் தந்து, "நீயே வாசி. வேறு எதை வெட்டட்டும்?" என்று கேட்டார். வெட்ட ஒன்றும் இருக்கவில்லை.

"முன்னுரிமைப்படுத்தல்" என்று திரையில் படம் போட்டு அன்றைய செயலமர்வில் எங்களுக்கு விளக்கினீர்களே தம்பி, முன்வரிசையில் இருந்த பெண்களில் பாதிப்பேர் அந்தப் பாடத்தை உங்கள் வயதுக்கு முன்பே படித்து முடித்தவர்கள். ஒருவரிடமாவது "நீங்கள் எப்படிச் செய்கிறீர்கள்?" என்று கேட்டீர்களா? நிவாரணத்தோடு வந்தவர்களும் கேட்கவில்லை, மீள்குடியேற்றத்தோடு வந்தவர்களும் கேட்கவில்லை. நீங்கள் மட்டும் ஏன் கேட்க வேண்டும்!

துண்டு தொலைந்துவிடுமாம், பின்னூட்டத்தில் ஒருவர் சொல்கிறார். தொலையும், மழையில் நனையவும் செய்யும். எழுதிய கைக்குப் பாதி நினைவிருக்கும், போதும். தொலைபேசி நேரத்துக்கு மணியடித்து நினைவூட்டுமாம். அடிக்கும், நிறுத்திவிட்டு மறந்துவிடுவேன். 2022 மார்ச் கடைசியில் 13 மணி நேரம் மின்சாரம் வெட்டினார்களே, அன்று எத்தனை மணி அடித்தது? "அதே மாதம் கடதாசியும் இல்லாமல் மேல் மாகாணப் பாடசாலைகளில் பரீட்சை தள்ளிப்போனதே" என்று மடக்க வருவீர்கள். உண்மைதான். நாட்காட்டித் தாளுக்குப் பின்பக்கம் என்று ஒன்று உண்டு என்பதை இங்கே யாருக்கும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை.

இன்னொருவர் பின்னூட்டத்தில் மரங்களுக்காகக் கண்ணீர் வடித்திருக்கிறார். என் உள்ளங்கையளவுத் துண்டால் காடு அழிகிறதாம். ஐயா, வன்னிக் காட்டின் முதிரையும் பாலையும் இரவோடு இரவாக லொறி ஏறிப் போகின்றன. அந்த லொறிகளை ஒரு தடவையாவது மறித்து, எங்கே கொண்டு போகிறீர்கள் என்று கேட்டுவிட்டு வாருங்கள். பிறகு என் துண்டைப் பற்றிப் பேசலாம்.