1098-க்கு அழைத்தால் வழக்கா?

“வீட்டைவிட்டு ஓடிவந்த பிள்ளையைப் பார்த்தால் 1098-ஐ அழைக்காதீர்கள், உங்கள் மீதே கடத்தல் வழக்குப் பாயும், பிள்ளையைப் பதினெட்டு வயதுவரை அடைத்துவைப்பார்கள்” என்று குழந்தைகளுக்கான உதவி எண்ணான 1098 பற்றி ஒரு வாட்ஸ்அப் செய்தி சுற்றுகிறது. இரண்டுமே தவறு.

இளைஞர் நீதிச் சட்டம் 2015, ஓடிவந்த குழந்தையைக் குற்றவாளியாக அல்ல, பராமரிப்பும் பாதுகாப்பும் தேவைப்படும் குழந்தையாகவே பார்க்கிறது. பயண நேரம் நீங்கலாக 24 மணி நேரத்துக்குள் மாவட்டக் குழந்தைகள் நலக் குழுவின் முன் சேர்க்க வேண்டும். அக்கறையுள்ள எவரும் அழைத்துச் செல்லலாம். பிள்ளை தானாகவே போயும் நிற்கலாம். விசாரணை முடியும்வரை காப்பகம், பிறகு குடும்பத்துடன் சேர்த்துவைப்பதே முதல் நோக்கம். அடி உதைக்குப் பயந்து ஓடிவந்த பிள்ளையாக இருந்தால், வீடு பாதுகாப்பானதா என்று பார்த்த பிறகே முடிவெடுப்பார்கள்.

வேடிக்கை என்னவென்றால், சட்டம் சொல்வது நேர் எதிர். ஆதரவின்றி, வழிதவறி நிற்கும் குழந்தையைக் கண்டும் 24 மணி நேரத்துக்குள் தகவல் தராமல் இருப்பதுதான் குற்றம்: ஆறு மாதம்வரை சிறை அல்லது பத்தாயிரம் ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். இந்தியா கோட் அரசு இணையதளத்தில் 31 முதல் 34 வரையுள்ள பிரிவுகளை நீங்களே படித்துப் பார்க்கலாம்.

ரயில் நிலைய பெஞ்சில் பள்ளிப் பையை அணைத்தபடி இரவு முழுக்க உட்கார்ந்திருக்கும் சிறுவனைப் பிள்ளை பிடிக்கும் தரகர்கள் நம்மைவிடச் சீக்கிரம் கண்டுகொள்கிறார்கள். 1098 இரவும் பகலும் இயங்கும் இலவச எண். அந்தச் செய்தியை மேலும் பகிராதீர்கள், அனுப்பியவரிடமும் சொல்லிவிடுங்கள்.