பவளப்பாறைகள் வெளுப்பதற்கு எல் நினோ மட்டுமே காரணமா?

"பவளப்பாறைகள் வெளுப்பது எல் நினோவின் வேலை, புவி வெப்பமாதலுக்கும் இதற்கும் தொடர்பில்லை" என்று வாட்ஸ்அப்பில் சுற்றும் செய்தி, பாதி உண்மையை வைத்துக்கொண்டு தவறான முடிவுக்கு வருகிறது. எல் நினோ என்பது பசிபிக் பெருங்கடலின் நடுப்பகுதியிலும் கிழக்கிலும் மேற்பரப்பு நீர் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை வழக்கத்தைவிடச் சூடாகும் நிகழ்வு.

கோடையின் வழக்கமான உச்சத்தைவிட ஒரு டிகிரி செல்சியஸ் கூடுதலான வெப்பம் சில வாரங்கள் நீடித்தாலே, பவள உயிரி தன் திசுவுக்குள் தங்கி உணவும் நிறமும் தரும் நுண்பாசியை வெளியேற்றிவிடுகிறது. நிறமிழந்த சதையின் வழியே சுண்ணாம்புக் கூடு வெள்ளையாகத் தெரிகிறது. (உயிர் உடனே போய்விடுவதில்லை, பட்டினிதான் தொடங்குகிறது.)

எல் நினோ இந்த வெப்பத்தைக் கூட்டுவது மெய்யே. ஆனால் கடலின் அடிப்படை வெப்பநிலையே உயர்ந்துவிட்டதால், எல் நினோவுக்கு நேர்மாறாக அந்த நீர் குளிரும் லா நினா நிலவிய 2022-லும் ஆஸ்திரேலியாவின் பெருந்தடுப்புப் பவளத்திட்டு பரவலாக வெளுத்தது.

அமெரிக்க அரசின் கடல், வளிமண்டல ஆய்வு அமைப்பான நோவா (NOAA) நாள்தோறும் வெளியிடும் செயற்கைக்கோள் வெப்ப வரைபடங்களில் கடல்நீரின் நிலையை எவரும் சரிபார்க்கலாம். அந்தச் செய்தியை மேலும் பகிர வேண்டாம்.