என் வீட்டுத் திண்ணைக்கு பர்மிஷன் குடுக்க நீங்க யாருய்யா?

நான் கட்டப்போற வீட்டோட ப்ளானை எங்க எச்ஓஏவோட, அதாவது ஏரியா வீட்டுக்காரங்க அசோசியேஷனோட, டிசைன் கமிட்டி மறுபடியும் ரிஜெக்ட் பண்ணிடுச்சு. இந்த தடவை காரணம் "ஏரியாவோட தோற்றத்துக்கு ஒத்துப்போகல"ன்னு ஒரே ஒரு வரி. எந்த இடம் ஒத்துப்போகல, எதை மாத்தினா ஒத்துக்குவாங்க, ஒரு மண்ணும் எழுதல. ரிவ்யூ ஃபீ மட்டும் முதல் நாளே வாங்கிட்டாங்க.

எச்ஓஏ உள்ள இடத்துல காலி மனை வாங்கி சொந்தமா வீடு கட்டப் போனவங்களுக்கு வயிறு எரியுறது ஏன்னு நான் சொல்லணுமா என்ன. ஹூஸ்டன் பக்கம் வரும்போது பாக்குறவங்க எல்லாம் சொன்னாங்க, இங்க எந்த இடத்துல என்ன கட்டலாம்னு சிட்டி வகுக்குற ஜோனிங்கே கிடையாது, அமெரிக்காவுல ஜோனிங் இல்லாத பெரிய ஊரு இதுதான், இஷ்டப்படி கட்டிக்கலாம்னு. எங்க கட்டுறது? சிட்டி கேக்காத கேள்வியெல்லாம் டீட் ரெஸ்ட்ரிக்ஷன் கேக்குது, அதான் மனைப் பத்திரத்தோடயே ஒட்டிக்கிட்டு வர்ற கட்டுப்பாடு. 2019ல டெக்சாஸ் ஸ்டேட்ல ஹவுஸ் பில் 2439னு ஒரு சட்டம் வந்துச்சு, தேசிய பில்டிங் கோடு ஒத்துக்கிட்ட மெட்டீரியலை ஊராட்சியோ சிட்டியோ தடுக்கக் கூடாதுன்னு. சிட்டியைத்தான் தடுத்தாங்க, எச்ஓஏவை தொடவே இல்ல. அதனால முன்பக்கம் எவ்ளோ செங்கல், எவ்ளோ கல்லு, கூரை ஓடு என்ன கலர், கராஜ் கதவு எந்தப் பக்கம் பாக்கணும், எல்லாம் இவங்க வெச்சதுதான் சட்டம்.

சண்டை எதுக்குன்னா ஒரு திண்ணைக்கு. ஊர்லேருந்து அம்மா வந்தா சாயங்காலம் வாசல்ல உக்காரணும், அதுக்குத்தான் முன் போர்ச்சுல ரெண்டு பக்கமும் முட்டி உயரத்துக்கு செங்கல் கட்டி மேல ஒரு கல்லு. வீட்டுக்கு என்ன செங்கலோ அதே செங்கல், அதே கலர். வீடு முழுக்க நான் ஆசைப்பட்டுக் கேட்டது அது ஒண்ணுதான்.

ஹியரிங் வெச்சாங்க, ஸ்விம்மிங் பூல் பக்கத்து க்ளப்ஹவுஸ்ல. ஒருத்தர் ப்ளானை அப்படியும் இப்படியும் திருப்பிப் பாத்துட்டு இது பெஞ்சா சுவரான்னு கேட்டாரு. போர்ச்சோட ஒரு பாகம் சார்னு ஆர்க்கிடெக்ட் சொன்னாங்க. இல்ல, பெஞ்சுன்னா வாசல் பக்கம் ஃபர்னிச்சர் வெக்கக் கூடாது, சுவர்னா தெருவுலேருந்து தள்ளிதான் வரணும், எதுன்னு முடிவு பண்ணிட்டு வாங்கங்கிறாரு. போர்ச்சே தள்ளிதானே இருக்கு, போர்ச்சுக்குள்ளதானே திண்ணை இருக்குன்னு அவங்க கோடு போட்டுக் காட்டினாங்க. காட்டின கோட்டை விட்டுட்டு பக்கத்துல இருந்த செடி என்ன செடின்னு கேட்டாங்க. அப்புறம் கமிட்டியில இருந்த ஒரு அம்மா ஆரம்பிச்சாங்க. அங்க ஆளுங்க உக்காருவாங்களா? உக்காருவாங்கம்மா, அதுக்குத்தானே கட்டுறது. தெருவைப் பாத்து உக்காருவாங்களா? ஆமா. எவ்ளோ நேரம்? ராத்திரியும் உக்காருவாங்களா? எங்க அம்மா எத்தனை மணி வரைக்கும் வாசல்ல உக்காரலாம்னு இவங்க டைம் டேபிள் போடுவாங்களாம்! எதிர்த்த வீட்டு வாசல்ல ஆள் உயரத்துக்கு ரெண்டு கல் சிங்கம் நிக்குது, அது ஏரியாவோட தோற்றத்துக்கு ஒத்துப்போகுது, எங்க அம்மா உக்காந்தா ஒத்துப்போகாது. அங்கேயே கத்தியிருப்பேன், வீட்டுக்காரர் கையைப் பிடிச்சு அழுத்திட்டாரு.

இவ்ளோ கேள்வி கேட்ட அந்த அம்மா யாருன்னு அப்புறம்தான் தெரிஞ்சுது, போர்டு மெம்பரோட சம்சாரம். டெக்சாஸ் ப்ராப்பர்ட்டி கோடுல 209.00505னு ஒரு செக்ஷன், 2021 செப்டம்பர்லேருந்து அமல்ல இருக்கு. 40 மனைக்கு மேல உள்ள அசோசியேஷன்ல போர்டு மெம்பரோ, அவங்க புருஷன் பொண்டாட்டியோ, அதே வீட்டுல இருக்குறவங்களோ டிசைன் கமிட்டியில உக்காரவே கூடாது. ரிஜெக்ட் பண்ணினா காரணத்தை விவரமா எழுதிக் குடுக்கணும், என்ன மாத்தணும்னும் எழுதணும். ஹியரிங் கேக்க நமக்கு 30 நாள் டைம், கேட்ட 30 நாளுக்குள்ள போர்டு நடத்தியாகணும். இதை பிரிண்ட் எடுத்து நீட்டினேன். லாயரைக் கேட்டு சொல்றோம்னாங்க. அந்த லாயருக்கு யார் காசு? என் காசு. அசோசியேஷனுக்கு நான் கட்டுற சந்தாவுல லாயர் வெச்சு என் வீட்டையே கட்ட விடாம பண்ணுவாங்க, இதுக்குப் பேரு என் நன்மையாம்.

இதுக்கு நடுவுல லோனுக்கு இந்த வட்டிதான்னு பிடிச்சு வெச்சிருந்த ரேட் லாக் முடிஞ்சிடுச்சு, மரத்துக்கு பில்டர் குடுத்த பழைய விலையும் போச்சு, இருக்குற அபார்ட்மென்ட்டுக்கு வாடகை ஒரு பக்கம், காலி மனைக்கு வரி ஒரு பக்கம். கமிட்டியில ஒருத்தர் பாக்கெட்டுலேருந்தாவது ஒரு டாலர் போச்சா? இதே நரகத்துல இருக்குறவங்க யாராச்சும் இதைப் படிச்சா தயவுசெஞ்சு வாயால பேசி முடிக்காதீங்க, எல்லாத்தையும் ஈமெயில்ல கேளுங்க, ஹியரிங்கை ரெக்கார்ட் பண்ணுங்க, ஆடியோ ரெக்கார்ட் பண்ண அதே செக்ஷன்லயே நமக்கு உரிமை இருக்கு. நான் பண்ணாம விடப்போறதில்ல. திண்ணை இல்லாம அந்த வீடு வராது.

இதுல சந்தா கட்டுற கொடுமை தனி. கார்டுல கட்டினா அதுக்கு ஒரு ஃபீ. சரி செக்கே அனுப்பலாம்னா அது வேற ஸ்டேட்ல இருக்குற ஏதோ போஸ்ட் பாக்ஸுக்குப் போகுது, போன செக்கு போய்ச் சேந்துச்சான்னு கேட்டா மேனேஜ்மென்ட் கம்பெனியில ஃபோனை எடுக்க ஆள் இல்ல, ஆனா லேட் ஃபீ நோட்டீஸ் மட்டும் சர்ட்டிஃபைட் மெயில்ல டாண்ணு வந்து நிக்குது, அந்த தபால் செலவையும் என் கணக்குலயே ஏத்தி வெச்சிருக்காங்க!